மெனோனைட் அயலவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்கே எல்ஜின் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே நானும் கணவரும் 14 வருடமாகக் கடை நடத்துகிறோம். பால், பாண், லொத்தர் சீட்டு, வெளியே பெற்றோல் பம்ப் என்று எல்லாம் உள்ள மூலைக்கடை. வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் மெனோனைட் குடும்பத்தார்.

ஏழெட்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை. ஒரு தாய் நான்கு பிள்ளைகளோடு வந்தார். கரும்பூப் போட்ட நீளச் சட்டை, தலையில் கறுப்புத் துணி. இரண்டு பை பால், ஒரு பொதி சூரியகாந்தி விதை, பிள்ளைகளுக்கு நான்கு ஐஸ்பழம். சில்லறையை இரண்டு தரம் எண்ணினார், கொஞ்சம் குறைந்தது. ஒரு ஐஸ்பழத்தைத் திருப்பி வைக்கப் போனவரைத் தடுத்து, பரவாயில்லை, கொண்டு போங்கள் என்றேன். அவர் கதவைத் தாண்டுவதற்குள், பின்னால் வரிசையில் நின்றவர், எப்போதும் என்னோடு அன்பாகக் கதைக்கிற மனிதர், சொன்னார்: "பெற்றுப் போடுவது, அரசாங்கக் காசை வாங்குவது, குளிர் தொடங்கினால் மெக்சிக்கோவுக்கு ஓடுவது. இதுதான் இவர்கள் பிழைப்பு."

நான் சிரித்துத் தலையாட்டினேன்.

கடைசியாகப் போன மூத்த பெண்பிள்ளைக்குப் பத்து வயதிருக்கும். தாய்க்கு விலை சொல்லி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். சொன்னவரை அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் இவர்கள் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இப்போது வீட்டு விலைக்குப் பயந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து இந்தப் பக்கம் குடிவருகிற எங்கள் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும், கடையில் பகுதிநேர வேலைக்கு வரும் தமிழ்நாட்டு மாணவர்களும் வந்த முதல் வாரமே சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்கிற பதில்கள் இவை.

யார் இந்த மெனோனைட்டுகள்?

கிறிஸ்தவர்கள். 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தொடங்கிய ஒரு இயக்கத்தின் வழி வந்தவர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானாக விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்றார்கள். இன்றைக்குக் கேட்டால், இதற்கா சண்டை என்று தோன்றும். அந்தக் காலத்தில் ஊரும் சபையும் அரசும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டு வராதவன் அரசையே மறுத்தவனாகக் கருதப்பட்டான். அதோடு, வாள் எடுக்க மாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டோம் என்றும் சொன்னதால் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்தே இவர்களை வேட்டையாடினார்கள். பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சூரிக்கின் லிம்மாட் ஆற்றில் கட்டி மூழ்கடித்தார்கள். மறுபடி தண்ணீரில் ஞானஸ்நானம் கேட்டவனுக்குத் தண்ணீரே தண்டனை.

பெயர் மெனோ சைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியாரிடமிருந்து வந்தது. 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டுவிட்டு, ஒளிந்து வாழ்ந்த இவர்களை ஒன்றுசேர்த்தவர் அவர்.

எங்கள் ஊரில் பார்த்துவிட்டு மெனோனைட் என்றாலே வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். இந்த வழி வந்த சபைகளில் உலகம் முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். மிகப் பெரிய சபை எதியோப்பியாவில் இருக்கிறது. தெலங்கானாவின் மகபூப்நகர்ப் பக்கம் தெலுங்கில் பாட்டுப் பாடி ஆராதிக்கும் மெனோனைட்டுகள் உண்டு, சத்தீஸ்கரின் தம்தரியிலும் உண்டு.

குதிரை வண்டியில் போகிறவர்கள்தானே? ஆமிஷும் இவர்களும் ஒன்றா?

உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. 1693இல் ஜேக்கப் அம்மான் என்பவரின் தலைமையில் பிரிந்து போனவர்கள் ஆமிஷ்.

குதிரை வண்டி வைத்திருப்பவர்கள் மெனோனைட்டுகளில் ஒரு சிறு பகுதிதான். வாட்டர்லூ, எல்மைரா, செயின்ட் ஜேக்கப்ஸ் பக்கம் போனால் அவர்களைப் பார்க்கலாம். 'ஓல்ட் ஆர்டர்' என்பார்கள். அவர்களுடைய முன்னோர் சுவிட்சர்லாந்து, தென் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போய், அங்கிருந்து 1800களின் தொடக்கத்தில் மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு வாட்டர்லூவுக்கு வந்தவர்கள். அதே பகுதியில் கார் ஓட்டுகிற, ஆனால் கறுப்பு நிறக் கார் மட்டுமே ஓட்டுகிற இன்னொரு சபை இருக்கிறது. ஜீன்ஸ் போட்டு, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற மெனோனைட்டுகளும் நிறைய. பக்கத்து வீட்டில் இருந்தாலும் தெரியாது.

எங்கள் பக்கத்தில், அதாவது ஏல்மர், லெமிங்டன், நோர்போக் பகுதிகளில் இருப்பவர்கள் வேறு வழியாக வந்தவர்கள். வீட்டில் பேசும் மொழி லோ ஜெர்மன். தங்களுக்குள் 'டீட்ஷ்' என்பார்கள். குதிரை வண்டி கிடையாது. பெரும்பாலும் பழைய வான், பிக்கப் வாகனம்தான்.

மெக்சிக்கோவோடு இவர்களுக்கு என்ன தொடர்பு? ஏன் "மெக்சிக்கன் மெனோனைட்" என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி பதில் வந்துவிடும். ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இவர்களுடைய முன்னோர் நெதர்லாந்து பக்கத்திலிருந்து தப்பி, இன்றைய போலந்தில் உள்ள விஸ்துலா ஆற்றுப் படுகைக்குப் போனவர்கள். சதுப்பு நிலத்தை வடியவைத்து வயலாக்கினார்கள். அங்கே நிலம் வாங்கவும் பட்டாளத்துக்குப் போகாமல் இருக்கவும் நெருக்கடி வந்தபோது, ரஷ்யப் பேரரசி கத்தரீனின் அழைப்பில் இன்றைய உக்ரைனுக்குப் போனார்கள். 1789இல் முதல் குடியேற்றம். 1870களில் ரஷ்யா கட்டாயப் பட்டாளச் சேவையைக் கொண்டுவந்தது. அப்போது கனடா அவர்களுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்து அழைத்தது: பட்டாளம் வேண்டாம், பள்ளிக்கூடம் உங்கள் விருப்பப்படி. 1873இல் கொடுத்த வாக்கு. சுமார் 7,000 பேர் மானிடோபாவில் குடியேறி, மரமில்லாத புல்வெளியைக் கோதுமை வயலாக்கினார்கள்.

அப்புறம் முதல் உலகப்போர். ஜெர்மன் பேசுகிறவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். பெர்லின் என்று இருந்த ஒன்ராறியோ நகரம் 1916இல் கிச்சனர் ஆனது அந்தக் காய்ச்சலில்தான். அதே வருடம் மானிடோபாவில் பள்ளிக்கூடங்கள் ஆங்கிலத்தில் மட்டும் என்று சட்டம் வந்தது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், சிலருக்குச் சிறை. 1919இல் மெனோனைட்டுகள் கனடாவுக்குள் குடிவரவே கூடாது என்று அரசு ஆணை போட்டது. காரணமாகச் சொன்னது அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் வாழ்க்கை முறையையும்தான். 1922இல் அந்த ஆணை நீங்கியது. ஆனால் மனம் உடைந்தவர்கள் 1922 தொடங்கி ஆயிரக்கணக்கில் ரயிலேறி மெக்சிக்கோவின் சிவாவா, துராங்கோ மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். மெக்சிக்கோ ஜனாதிபதி ஒப்ரெகோன் அவர்களுக்கு அதே வாக்கைக் கொடுத்திருந்தார்.

அங்கே வறட்சி, நிலம் போதாமை, பெருகும் குடும்பங்கள். 1950களிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஒன்ராறியோவில் புகையிலைத் தோட்டம், ஊறுகாய் வெள்ளரிக்காய், தக்காளி, இவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. குடும்பம் குடும்பமாக வெயிலில் குனிந்து வேலை செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள்.

அவர்களில் பலர் கனடாவில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கனடா வாக்கு மாறியதால் வெளியேறியவர்களின் வாரிசுகள், தாத்தா பிறந்த நாட்டுக்குத் திரும்பி வந்தபோது கிடைத்த பெயர்தான் "மெக்சிக்கன் மெனோனைட்". எல்லாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, சரி. ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் எந்தத் தொனியில் வரும் என்று கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கேட்கும் எனக்குத் தெரியும்.

குடியுரிமைச் சிக்கல் வேறு. மெக்சிக்கோவில் சபையில் மட்டும் திருமணம் செய்தவர்களின் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லி, பிள்ளைகளின் குடியுரிமை கேள்விக்குறியானது. 1977 சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த இரண்டாம் தலைமுறையினர் 28 வயதுக்குள் விண்ணப்பித்து உறுதிசெய்யாவிட்டால் குடியுரிமை தானாகவே போய்விடும். அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல், இங்கே வேலை செய்து வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பிறந்தநாளில் குடியுரிமை இழந்தார்கள். 2009இல்தான் அந்த விதி மாறியது.

வெள்ளைக்காரருக்கு வெள்ளைக்காரர் என்ன பாரபட்சம் காட்டப் போகிறார்கள், அக்கா?

எங்கள் கடையில் வேலை செய்த தம்பி ஒருவர் இப்படித்தான் கேட்டார். இரண்டு மாதம் கழித்து அவரே எனக்கு உதாரணம் சொல்லத் தொடங்கினார்.

யாரும் கல்லெறிவதில்லை. இது சின்னச் சின்னதாக நடக்கும். வாடகை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது எல்லாம் சரியாகப் போகும். குடும்பப் பெயர் பிரீசன், வீப், பென்னர், டிக் என்று சொன்னதும் "இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், பிறகு சொல்கிறேன்" என்பார்கள். பள்ளிப் பேருந்தில் நீளப் பாவாடை போட்ட பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அவர்கள் வீட்டு ஆட்கள் வயலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தால் மூக்கைச் சுருக்குவார்கள். அதே வயலின் சொந்தக்காரர் அதே மண்ணோடு வந்தால் "கடின உழைப்பாளி" என்பார்கள். அந்தக் குடும்பங்கள் லோ ஜெர்மனில் தங்களுக்குள் பேசினால், தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர்கள் முடிவுகட்டுவார்கள். இந்தக் கடைசி ஒன்றை நான் நன்றாக அறிவேன். ரொறன்ரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் தமிழ் பேசியதற்கு எனக்கும் அக்கா ஒருவருக்கும் அதே சொல் விழுந்தது.

வாட்டர்லூப் பக்கத்தில் இதன் இன்னொரு முகம். அங்கே புகழ்ச்சி வடிவத்தில் வரும். பேருந்தில் வருகிற சுற்றுலாக்காரர், கேட்காமலே குதிரை வண்டிக்குள் இருக்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டிப் படம் எடுப்பார்கள். "எவ்வளவு எளிமையான மனிதர்கள்" என்று சொல்லிக்கொண்டே எடுப்பார்கள். தெருவில் குதிரைச் சாணி கிடந்தால் அதே வாய் வேறு மாதிரிப் பேசும். காட்சிப்பொருளாக்கினாலும் தொல்லையாக்கினாலும், பக்கத்து வீட்டு மனிதராக மட்டும் நினைப்பதில்லை.

வரி கட்டுவதில்லையாமே?

கட்டுகிறார்கள். வருமான வரி, வீட்டு வரி, கடையில் வாங்கும் பொருளுக்கு வரி, எல்லாம். ஓல்ட் ஆர்டர் சபையினர் தங்கள் பள்ளிகளைத் தாங்களே காசு போட்டு நடத்திக்கொண்டு, அரசுப் பள்ளிகளுக்கான வரியையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரசு ஓய்வூதியம் போன்ற உதவிகளைக் கொள்கையாகவே வாங்குவதில்லை. ஒருவருக்குப் பெரிய மருத்துவச் செலவு வந்தால் சபை பகிர்ந்துகொள்ளும். மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் தகுதி இருந்தால் பிள்ளைகளுக்கான உதவித்தொகையை வாங்குகிறார்கள். நானும் என் இரண்டு பிள்ளைகளுக்கு வாங்கினேன். யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

சின்னமுத்து பரவியது இவர்களால்தானே?

தமிழ்நாட்டுக்காரர் தட்டம்மை என்பதைத்தான் நாங்கள் சின்னமுத்து என்கிறோம். இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் அதில் ஒரு உண்மை இருக்கிறது.

2024 அக்டோபரில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் நடந்த ஒரு ஒன்றுகூடலோடு தொடர்புபட்டு ஒன்ராறியோவில் நோய் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் இந்த மாகாணத்தில் மட்டும் 2,300 பேருக்கு மேல். எங்கள் மாவட்டமும் சுற்றுப்புறமும்தான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மெனோனைட், ஆமிஷ் சமூகங்களில் தடுப்பூசி போடாதவர்களிடையே அது அதிகமாகப் பரவியதை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியே சொன்னார். 2025 நவம்பரில் கனடா, சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியை இழந்தது. ஊசி போட்டிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது. என் பேரப்பிள்ளை அப்போது கைக்குழந்தை, முதல் ஊசிக்கு வயது வரவில்லை. எனக்கும் பயம் இருந்தது, கோபமும் இருந்தது.

ஆனால் அந்த மாதங்களில் ஊரில் என்ன நடந்தது என்பதையும் பார்த்தேன். தலையில் துணி கட்டிய பெண் கடைக்குள் வந்தால், பால் எடுக்க நின்றவர் வண்டிலை விட்டுவிட்டு வெளியே போனார். ஊசி போட்ட குடும்பமா, போடாத குடும்பமா என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மெனோனைட் மதத்தில் தடுப்பூசிக்குத் தடை எதுவும் இல்லை. நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். போடாதவர்களுக்கும் காரணம் வேதம் அல்ல. மெக்சிக்கோவிலும் பொலிவியாவிலும் ஆஸ்பத்திரி எட்டாத குடியேற்றங்களில் வளர்ந்த பழக்கம், அதிகாரிகள் மீது தலைமுறை தலைமுறையாக வந்த அவநம்பிக்கை, வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய்கள். கடைசி ஒன்றில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு, கோவிட் நேரம் எங்கள் குடும்பக் குழுவில் வந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

அவநம்பிக்கை உள்ளவரை முறைத்துப் பார்த்தால் அவர் மருத்துவரிடம் போவாரா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒளித்துத்தான் வைப்பார். லோ ஜெர்மன் பேசத் தெரிந்த தாதி ஒருவர் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து பேசினால் ஊசி போடச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏல்மரில் லோ ஜெர்மன் மொழியில் ஒரு வானொலி நிலையமே நடக்கிறது. நோயைத் தடுக்க உதவுவது அந்த மாதிரி வேலை. கடையில் வண்டிலை விட்டுவிட்டு ஓடுவது எதையும் தடுக்கவில்லை.

கோவிட் காலத்து ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். ஏல்மரில் கட்டுப்பாடுகளை வெளிப்படையாக எதிர்த்து நாடு முழுக்கச் செய்தியில் வந்த ஒரு சபை மெனோனைட் சபையே அல்ல. பழி மட்டும் மெனோனைட்டுகள் தலையில் விழுந்தது. அந்தச் சபையில் இருந்த சிலரின் குடும்பப் பெயர்கள் ஒத்துப்போனது ஊருக்குப் போதுமாக இருந்தது.

பிள்ளைகளைப் படிக்க விடுவதில்லை, வேலைக்கு அனுப்புகிறார்களே?

சில குடும்பங்களில் உண்மை, அது எனக்குக் கவலையும் கூட. ஒன்ராறியோச் சட்டப்படி 18 வயதுவரை படிக்க வேண்டும். 14 வயதுப் பையன் வெள்ளரித் தோட்டத்துக்குப் போவதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. ஆனால் 1916ஐ நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்றால் பிள்ளையின் மொழியையும் நம்பிக்கையையும் பறிக்க அரசு அனுப்பிய கருவி என்பது அவர்களின் குடும்ப நினைவு. வகுப்பில் "நாற்றம்" என்று கேலி செய்தால் பிள்ளை படிப்பை விடுவதற்கு அப்பா சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் உயர்பள்ளியில் இப்போது டீட்ஷ் பேசும் பெண் ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறார். தாய்மார் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாட்டுக்காகச் சண்டைக்குப் போகாதவர்கள் என்கிறார்களே?

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 நெருங்கும்போது, சிவப்புப் பொப்பிப் பூவை நெஞ்சில் குத்தியவர்கள் இதைச் சொல்வார்கள். ஆம், கொல்ல மாட்டோம் என்பது அவர்களுடைய நம்பிக்கையின் நடுத்தூண். இரண்டாம் உலகப்போரில் கனடாவில் 10,000க்கும் மேற்பட்டோர் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்தார்கள், பெரும்பாலோர் மெனோனைட்டுகள். சும்மா வீட்டில் இருக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாக் காடுகளில் மரம் நட்டார்கள், தீ அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் பணி செய்தார்கள். மெனோனைட் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பட்டாளத்தில் சேர்ந்ததும் உண்டு. திரும்பி வந்தபோது சொந்தச் சபையே சிலரை ஏற்கவில்லை.

ஒரு பக்கம் ஆயுதத்தையும் மறுபக்கம் ஆயுதத்தையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆயுதம் எடுக்காதவனைக் கோழை என்று என்னால் சொல்ல முடியாது. டிர்க் வில்லெம்ஸ் என்ற டச்சுக்காரரின் கதையை ஒரு மெனோனைட் பெரியவர் கடையில் நின்றே சொன்னார். 1569இல் சிறையிலிருந்து தப்பி உறைந்த குளத்தின் மேல் ஓடும்போது, துரத்தி வந்த காவலன் பனி உடைந்து தண்ணீரில் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றினார். பிடிபட்டு, எரித்துக் கொல்லப்பட்டார். கதையைச் சொல்லி முடித்த பெரியவர் மீதிக் காசை எண்ணிப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அப்படியானால் இவர்களைப் பற்றி விமர்சனமே சொல்லக் கூடாதா?

யார் சொன்னது? பொலிவியாவின் ஒரு மெனோனைட் குடியேற்றத்தில் 2005 முதல் 2009 வரை பெண்களும் சிறுமிகளும் மயக்க மருந்து தெளிக்கப்பட்டு வன்கொடுமைக்கு உள்ளானார்கள். 2011இல் குற்றவாளிகளுக்கு 25 வருடச் சிறை கிடைத்தது. மூடிய சமூகம், பெண்கள் சொன்னதை நம்பாத பெரியவர்கள், இவற்றையெல்லாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்டவர்களில் மெனோனைட் பெண்களும் உண்டு. அதை எங்கள் ஊர்க் கடையில் ஒரு பெண்ணைக் காட்டி "அந்தக் கூட்டம்தானே" என்று சொல்ல எடுத்துக்கொள்வது வேறு வேலை. பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி வரிசையில் நிறுத்துவது அது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான் பொருந்தும்.

சரி, இதில் தமிழர் நாங்கள் ஏன் தலையிட வேண்டும்?

1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்தார்கள். மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது, கரை சேர்வதற்கு முன்பே பயங்கரவாதிகள், வரிசையைத் தாண்டி வந்தவர்கள், அரசுக் காசுக்கு வந்தவர்கள் என்ற பேச்சு எழுந்தது. அந்த வாரங்களில் வேலைக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. என் கடையில் அந்த மனிதர் சொன்ன வசனத்தில் மெக்சிக்கோவை எடுத்துவிட்டு இலங்கையைப் போட்டால் அப்படியே பொருந்தும்.

இன்னொன்று. கனடாவில் சாதாரண மக்கள் சேர்ந்து அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்று அழைக்கும் முறை இருக்கிறதல்லவா, அதற்கான முதல் ஒப்பந்தத்தில் 1979 மார்ச்சில் அரசோடு கையெழுத்திட்டது மெனோனைட் மத்தியக் குழு. வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியவர்களுக்காக. எங்களில் பெரும்பாலோர் அந்த வழியாக வரவில்லை, இங்கே வந்திறங்கிக் கோரிக்கை வைத்தவர்கள். ஆனால் அகதியைச் சந்தேகத்தோடு பார்க்காத ஒரு பழக்கம் இந்த நாட்டில் வேர்விட்டதில் அவர்கள் கைக்குப் பங்கு உண்டு.

நான் ஏன் அன்று தலையாட்டினேன் என்று பல இரவு யோசித்தேன். அந்த மனிதர் அப்படி ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னபோது, என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டார் என்று எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். அதுவரை அந்த ஊரில் நாங்கள்தான் வெளியாட்கள். இன்னொருவரை வெளியே தள்ளும்போது எங்களுக்கு உள்ளே இடம் கிடைப்பதுபோல் இருந்தது. புதிதாக வருகிற எங்கள் ஆட்கள் ஆறு மாதத்தில் "மெனோனைட் என்றால் இப்படித்தான்" என்று பேசத் தொடங்குவதும் இதனால்தான். ஊரின் மொழியைப் பழகும்போது ஊரின் வெறுப்பும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

கடையில், வேலையிடத்தில் யாராவது அப்படிப் பேசினால் என்ன சொல்வது? வாடிக்கையாளரை இழக்க முடியாதே.

சண்டை போட வேண்டாம். தலையாட்டாமல் இருங்கள், அதுவே பாதி. சிரிக்கவும் வேண்டாம். நான் இப்போது "எனக்கு அப்படித் தெரியவில்லையே, இங்கே வருகிறவர்கள் நல்ல மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு மீதிக் காசைக் கொடுத்துவிடுவேன். வரி கட்டுவதில்லை என்று சொன்னால், "கட்டுகிறார்கள்" என்று ஒரே சொல். அந்த மனிதர் இன்னும் கடைக்கு வருகிறார். அந்தப் பேச்சை மட்டும் என்னிடம் எடுப்பதில்லை.

வீடு வாடகைக்கு விடும் தமிழர்களுக்கு ஒன்று: குடும்பப் பெயரைப் பார்த்து மறுப்பது ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டத்தை மீறுவது. சமயமும் பூர்வீகமும் அதில் அடங்கும். "பெரிய குடும்பம், சத்தம் போடுவார்கள்" என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட சாக்கை நாங்களே சொல்ல வேண்டாம்.

அவர்களோடு எப்படிப் பழகுவது?

மற்றவர்களோடு பழகுவது மாதிரித்தான். படம் எடுக்காதீர்கள். வாட்டர்லூப் பக்கம் குதிரை வண்டிக்குப் பின்னால் போனால் வேகத்தைக் குறையுங்கள், ஹோர்ன் அடித்தால் குதிரை மிரளும். உடுப்பைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள்; சேலை கட்டிப் போனபோது உங்களிடம் கேட்டது நினைவிருக்கும். "கூடன் டாக்" என்றால் வணக்கம். சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அந்தப் பெண்பிள்ளை பிறகு வந்தாளா?

வந்தாள். நீண்ட நாள் தாயோடு வருவாள், என்னைப் பார்க்காமல் விலை சொல்லிவிட்டுப் போவாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளையிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, பிறகு நாள் கடந்துவிட்டது.

போன ஆவணி மாதம் வெளியே வத்தகப்பழம் குவித்து வைத்திருந்தேன். இப்போது அவளுக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கும். தாய் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அர்பூஸ்" என்றாள். லோ ஜெர்மனில் இந்தப் பழத்துக்கு அந்தப் பெயராம். ரஷ்யாவில் இருந்தபோது எடுத்த சொல், மானிடோபாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் போய் இங்கே வந்திருக்கிறது. வெயில் காலத்தில் இதை வெட்டி, கூடவே மாவை உருட்டி வெட்டி எண்ணெயில் பொரித்த ரோல்கூக்கன் சாப்பிடுவார்களாம், அதுவே இரவுச் சாப்பாடாம். பக்கத்தில் நின்ற தமிழ்நாட்டுத் தம்பி, "எங்க ஊரில் தர்பூசணி என்போம்" என்றார். அர்பூஸ், தர்பூசணி. இரண்டும் பாரசீகத்துப் பக்கத்திலிருந்து, ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயும் போன சொற்கள். அவள் தாய்க்கு அதை டீட்ஷில் சொன்னாள். தாய் "தர்பூஸ்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பழத்தைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்த கிழமை அவள் தனியாக வந்தாள். அலுமினியத் தாளில் சுற்றிய ரோல்கூக்கன் ஆறு துண்டு கல்லாப்பெட்டியில் வைத்தாள், சூடு இன்னும் போகவில்லை. அம்மா தந்துவிட்டார் என்றாள். அப்போதுதான் அவள் பெயரைக் கேட்டேன்.